வேலாமடுவுக்குக் கிடைத்த இளவட்டம்

முகாம்: வேலாமடுவு,
இருமத்தூர் வழி, தருமபுரி மாவட்டம்.
செபஸ்தியார் திருநாளுக்கு முந்தின நாள்.

என்றும் மதிப்புக் குறையாத சம்பந்தி விக்டர் அவர்களின் சமூகத்துக்கு, காரிமங்கலம் புளி மண்டி பிலவேந்திரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாளும் மாதாவின் அடைக்கலத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். என் இடது தோள்பட்டையைக் கேட்டால் அது வேறு சொல்லும்.

செல்போனில் கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்று தாங்கள் வருத்தப்பட்டிருக்கலாம். அது தென்பெண்ணையில் தரைப்பாலத்துக்குக் கிழக்கே தண்ணீருக்குள் கிடக்கிறது. எப்படிப் போனது என்று பின்னால் சொல்கிறேன். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு முதல் தடவையாக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் தோள்பட்டைதான் காரணம்.

கிறிஸ்துமஸ் அன்று தங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தாங்கள் என் தொடையில் தட்டி, "சம்பந்தி, உழைச்சது போதுங்க, இனிமே உக்காந்து சாப்பிடுங்க" என்றீர்கள். நினைவிருக்கும். மண்டியில் அடுக்கின மூட்டை அட்டி மேல் நின்றபோது எனக்கு ஒரு தடவை தலை சுற்றியது வாஸ்தவம். டாக்டர் வேலையைக் குறைக்கச் சொன்னதும் வாஸ்தவம். ஆனால் அவர் குறைக்கச் சொன்னது உங்கள் எல்லார் காதிலும் விடச் சொன்னதாக விழுந்துவிட்டது. தங்கள் மகள் பிளசி கெட்டிக்காரப் பெண். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மருமகள் என்று சொல்லவில்லை, வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன். மண்டிக்குக் கம்ப்யூட்டர் வைத்தாள், கேமரா வைத்தாள், என் மகன் அந்தோணி பிரகாஷுக்கே வராத மிரட்டல் அவளுக்கு லாரிக்காரர்களிடம் வருகிறது. எல்லாம் சரி. ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் கல்லாவுக்குப் பின்னால் சக்கரம் வைத்த சீட்டு ஒன்று நிற்கிறது, என் மர நாற்காலி கோடவுனில் காலிச் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில், ஒருநாள் நாமும் உட்கார்ந்து வியாபாரம் பண்ணவேண்டும் என்று வாங்கிய நாற்காலி அது. "புதுப்புளி வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க மாமா" என்று பிளசி சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னால்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

அப்போது தாங்கள் சொன்ன யோசனைதான் இந்த வேலாமடுவு. "ஆத்தோரம் சம்பந்தி. பூராவும் வயசானவங்க. புள்ளைங்க எல்லாம் ஓசூரு, பெங்களூருன்னு போயிட்டாங்க. ஒரு சத்தம் இருக்காது. போய் நாலு நாள் இருந்து பாருங்க, புடிச்சா ஒரு வூடு எடுத்துக்குங்க, நாற்காலிய பிளசிகிட்ட விட்டுடுங்க" என்றீர்கள். தாங்கள் இந்த ஊரை எப்போது பார்த்தீர்கள் என்று நான் கேட்காமல் போனது என் தப்பு. பாலத்து மேல் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்கள். இறங்கிப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிழற்குடையில் எண்பதை ஒட்டிய ஒரு அம்மாள் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பாவம், ஒத்தாசை பண்ணலாம் என்று, "ஆயா, மூட்டைய நான் புடிக்கட்டுங்களா?" என்றேன். "யாருடா ஆயா? அக்கான்னு கூப்புடு" என்று ஒரு அதட்டல். அடுத்த நிமிஷம் மூட்டை அவர்கள் மொபெட்டின் முன்னால், என் பை அதன் மேல், நான் பின்னால். மிக்கேலம்மாள் என்று பேர். நாம் போனில் கேட்டு வைத்திருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரே அவர்கள்தான். தரைப்பாலத்தில் தண்ணீர் லேசாக ஓடியது. "மெதுவா போங்க அக்கா" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன், மொபெட் ஒரு குதி குதித்தது, சட்டைப்பையில் இருந்த செல்போன் என்னை முந்திக்கொண்டு ஆற்றுக்குள் போய்விட்டது. "போனா போவுது, எம் பையன்கூட அதுலதான் வம்பு இழுக்கறான்" என்றார்கள். நிறுத்தக்கூட இல்லை.

சரி, வந்தது ஓய்வுக்குத்தானே, போன் எதற்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஒரு புளியமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன் சம்பந்தி. கண்ணை மூடினதுதான் தாமதம், மேலேயிருந்து மழை மாதிரி புளி கொட்டுகிறது. நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று. எழுந்து பார்த்தால் உச்சாணிக் கிளையில் ஒரு ஆள் நின்று உலுக்குகிறார். "கீழ படுத்திருக்கிற தம்பி, தள்ளிப் படுங்க!" என்கிறார். அவருக்கு எண்பத்தெட்டு வயசாம். மாரியப்பன் என்று பேர். ஊருக்குப் பெரியவர். நான் இத்தனை வருஷம் புளி வாங்கியிருக்கிறேன், எண்பத்தெட்டு வயதில் மரத்துமேல் நிற்கிறவரிடம் வாங்கினதில்லை. விழுந்தால் யார் பொறுப்பு என்று நான் அண்ணாந்து நிற்க, அவர் சரசரவென்று இறங்கிவந்து ஒரு பழத்தை உடைத்து என் கையில் கொடுத்து, "மண்டிக்காரருன்னு மிக்கேலு சொல்லிச்சு. எப்பிடி இருக்குது?" என்றார். நல்ல சதைப்பற்று. அதைச் சொன்னேன். அவர் புளியைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார். முட்டிக்குக் கீழே, கெண்டைச் சதையை. சந்தையில் மாட்டை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. "எந்த வருசம் பொறந்தீங்க?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்துபோச்சு. விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வந்து என்னைப் பார்த்துவிட்டது. ஒருத்தரும் என்ன ஜாதி, எவ்வளவு சொத்து, எத்தனை லாரி என்று கேட்கவில்லை. எந்த வருஷம் பிறந்தீர்கள், எந்த மாசம், கண் நல்லா தெரியுதா, முட்டி வலி உண்டா, சம்சாரம் இருக்குதா, நிரந்தரமா தங்குவீங்களா. இதையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். மிக்கேலம்மாள் வீட்டு வாடகையைப் பேசும்போது இன்னும் பெரிய சந்தேகம். நான் வழக்கம்போலப் பாதிக்குக் கேட்டேன். "அதையும் நீ குடுக்கறப்ப குடு" என்று விட்டார்கள். சம்பந்தி, நான் பேரம் பேசியே சாப்பிட்ட ஆள். பேரம் பேசாமல் ஒருத்தர் இறங்கி வந்தால் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். ஓட்டைப் பார்த்தேன், ஒழுகவில்லை. சுவரைத் தட்டினேன், உறுதி. கிணற்றை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருந்தது. பேய் பிசாசு ஏதாவது என்று பக்கத்து வீட்டில் விசாரித்தால், "அதெல்லாம் பேய்க்கு இங்க ஏதுங்க நேரம்?" என்கிறார்கள்.

காலையில் எழுந்தால் ஒருத்தரும் வீட்டில் இல்லை. ஆம்பிளைகள் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துகிறார்கள். பொம்பிளைகள் கீரைக்கட்டைக் கம்பைநல்லூர்ச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மரவள்ளிக்குக் களை வெட்டுகிறார்கள். ஓய்வெடுக்க எங்கேயாவது கொஞ்சம் உட்கார்ந்தால், போகிற வருகிற ஆட்கள் நின்று, "ஏங்க தம்பி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கமாகி எழுந்து நிற்கவேண்டியதாகிறது. நின்றால், "சும்மாதான நிக்கறீங்க, இந்த மூங்கில கொஞ்சம் புடிங்க" என்று ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். தோள்பட்டை போனது அப்படித்தான்.

இதில் பச்சியப்பன் என்று ஒருத்தர். எழுபதைத் தாண்டியவர். கொள்ளுப்பேரன் எடுத்தாயிற்று. ஆனால் ஊரே அவரை "டேய் பச்சி, அதை எடு", "டேய் பையா, இதைப் புடி" என்று விரட்டுகிறது. அவரும் ஓடுகிறார். நான் அவரை "ஐயா" என்று கூப்பிட்டேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "என்னைய யாரும் அப்பிடிக் கூப்புட்டதே இல்லீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். எனக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறார், என் செருப்பைத் தேடித் தருகிறார். ஒரு பொருளை விற்கப்போகிறவன் தவிர வேறு யாரும் இவ்வளவு பணிவிடை பண்ணி நான் பார்த்ததில்லை. ஆனால் என்னத்தை விற்கிறார் என்றுதான் தெரியவில்லை.

நேற்று மதியம் மிக்கேலம்மாள் அரிசி, பருப்பு, விறகு எல்லாம் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். "நீயே ஆக்கு" என்றார்கள். எங்கேயாவது காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன் அக்கா என்றேன். கூடவே கூடாதாம். நானேதான் அடுப்புப் பற்றவைக்கணுமாம். திரும்பிப் பார்த்தால் வாசல் நிறையக் கூட்டம். மாரியப்பன் முன்வரிசை. பச்சியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நற்கருணை வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நிற்கிறார். நான் தீப்பெட்டியை உரசி விறகைப் பற்றவைத்து உலையை ஏற்றினேன். அவ்வளவுதான் சம்பந்தி, கைதட்டுகிறார்கள்! பொம்பிளைகள் குலவை போடுகிறார்கள்! பச்சியப்பன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருப்பீங்க தம்பி, உங்க கொலமே நல்லா இருக்கும்" என்று என் சட்டையெல்லாம் ஈரமாக்கிவிட்டார்.

நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள். பிறந்த வருஷம் கேட்டாச்சு, உடம்பு பார்த்தாச்சு, சம்சாரம் இல்லை என்று தெரிந்துகொண்டாச்சு, சமைக்கத் தெரியுமா என்றும் சோதித்தாச்சு, ஊர் கூடிக் குலவையும் போட்டாச்சு. தங்களிடம் மறைப்பானேன். பிரகாஷ் அம்மா போய் இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த எண்ணம் வந்ததில்லை. இது பிளசி காதுக்குப் போனால் என் மானம் என்னாகும்? கூட்டம் கலைந்ததும் மிக்கேலம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு மறுகல்யாணம் பண்ணிக்கிற உத்தேசமெல்லாம் இல்லீங்க. பொண்ணு யாருன்னும் எனக்குச் சொல்ல வேணாம்" என்றேன்.

அந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் பறந்துபோச்சு. "உன்னய யாருய்யா கட்டுவா? தடி புடிக்கத்தான்யா கேட்டோம்!"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. செபஸ்தியார் திருநாளில் சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பி ஆற்றைக் கடந்து அக்கரையில் சிலுவை நட்ட குருசடிக்குப் போய்த் திரும்பணும். பாலம் இருக்கிறது, ஆனால் பாலத்தில் போகாது, தண்ணீரில் இறங்கித்தான் போகும். ஆடியில் மாரியம்மனும் அதே வழி. "சாமி ரெண்டு, ஆறு ஒண்ணுதானுங்களே" என்றார் பச்சியப்பன். சப்பரத்துக்கு முன்னால் ஒருத்தன் மூங்கில் தடியால் ஆழம் பார்த்துக்கொண்டு நடப்பான். அவன் தடி ஊன்றுகிற இடத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் கால் வைப்பார்கள். அந்த ஆள் ஊரிலேயே வயதில் இளைய ஆம்பிளையாக இருக்கணும். அவனுக்குக் கீழே ஒருத்தன் வந்துவிட்டால் தடியைக் கொடுத்துவிட்டுக் கரையேறலாம். கரையேறிவிட்டால் அவர் பெரியவர். பெரியவர்களுக்கு ஒரே வேலை, கரையில் நின்று, "இடது! வலது! பாத்துடா!" என்று சத்தம் போடுவது. அப்படியானால் சப்பரம் தூக்குவது யார் என்று கேட்டேன். பொம்பிளைகளாம். ஆம்பிளைகள் எல்லாரும் கரையேறிவிட்டார்களே, வேறு யார் தூக்குவது என்கிறார்கள்.

இளசுகள் வெளியூர் போகப் போகப் பச்சியப்பனுக்குக் கீழே ஆளே வரவில்லை. இருபது வருஷமாக அவரேதான் ஊருக்கு இளவட்டம். திருநாளுக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தனைப் பிடிப்பதுதானே என்றேன். செல்லாதாம். "இங்க எவன் அடுப்பு எரியுதோ அவன்தான் இந்த ஊரு ஆளு" என்றார் மாரியப்பன். இப்போது புரிகிறதா, என்னை ஏன் அடுப்புப் பற்றவைக்கச் சொன்னார்கள் என்று? அறுபதைத் தாண்டிய என்னை, தலை சுற்றி விழுந்த என்னை, ஓய்வெடுக்க வந்த என்னை!

முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பச்சியப்பன் தடியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மனசு கேட்காமல் நானும் போனேன். "தம்பி, போன வருசம் ஒரு குழிய உட்டுட்டங்க" என்றார். மணல் அள்ளின குழி. தண்ணீர் நிறம் மாறுவதை வைத்துத்தான் குழியைக் கண்டுபிடிப்பாராம். இப்போது கண்ணில் புரை, எல்லாத் தண்ணீரும் ஒரே நிறமாகத் தெரிகிறது. போன வருஷம் மிக்கேலம்மாள் இடுப்பளவு உள்ளே போய், சப்பரம் சாய்ந்து, செபஸ்தியார் கீழே விழாமல் தப்பியது பெரிய காரியம். "இந்த வருசமும் நான்தான் போவணும். யாரையாச்சும் தண்ணியில முழுவடிச்சிருவனோன்னு பயமா இருக்குதுங்க. ஊருல சொல்லலீங்க. சொன்னா சாமி பாலத்து மேல போயிரும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை சம்பந்தி. எங்கே போனாலும் என்னைக் கிழவன் என்று ஒரு பக்கமாக உட்காரவைக்கிறார்கள், இங்கே வந்தால் பையன் என்று தண்ணீரில் இறங்கச் சொல்கிறார்கள். இரண்டில் எது நான் என்று கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியிலும் தெரியவில்லை. ஆகவே தயவுசெய்து கவனியுங்கள். எனக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு எடுக்கப்போவதில்லை. பிரகாஷைக் கார் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொல்லுங்கள். கோடவுனிலிருந்து என் நாற்காலியை எடுத்துத் துடைத்துக் கல்லாவுக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். பிளசியிடம் நயமாகச் சொல்லுங்கள், தாங்கள் அப்பா, நான் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். புதுப்புளி வரும்போது நான் அங்கே இருந்தாகணும். ஒரு மாசம் பேசினாலும் என் முடிவில் மாற்றமில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிரகாஷுக்கும் பிளசிக்கும் என் ஆசீர். செபஸ்தியார் தங்கள் வீட்டை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். என்னையும் நாளைக்கு ஒரு நாள் சேர்த்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பிலவேந்திரன்.

பின்குறிப்பு: மேலே எழுதினதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மிக்கேலம்மாளிடம் கொடுத்தேன். திருநாள் வேலையில் மொபெட் பெட்டியிலேயே வைத்து மறந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். குழப்பத்தில் எழுதியது.

நேற்றுத் தடி பிடித்தது நான்தான். சும்மா கரையோரம் நின்று பார்க்கலாம் என்றுதான் போனேன். பச்சியப்பன் தண்ணீரில் காலை வைக்கும்போது தடியைத் தண்ணீருக்குப் பதில் கரைக் கல்லில் ஊன்றினார், அதை நான் மட்டும்தான் பார்த்தேன். எப்படி இறங்கினேன், எப்படித் தடி என் கைக்கு வந்தது, தெரியவில்லை. ஆனால் ஊன்றின நிமிஷம் தெரிந்துபோச்சு சம்பந்தி. புளி மூட்டையில் குத்தூசி போட்டால் அடியில் நல்ல சரக்கா, நடுவில் கல்லும் மண்ணுமா என்று கை சொல்லுமே, அதே கைதான். கண்ணே வேண்டாம். கெட்டி மணல் ஒரு மாதிரி இடிக்கிறது, குழி ஒரு மாதிரி உள்ளே வாங்குகிறது. நடு ஆற்றில் அந்தக் குழி இருந்தது. சுற்றிக்கொண்டு போனேன். பின்னாலேயே மிக்கேலம்மாள், சப்பரம், ஊர் மொத்தமும் நான் தடி ஊன்றின இடமாகப் பார்த்துக் கால் வைத்து வருகிறது. கரையில் பச்சியப்பன், "இடது! இடதுடா தம்பி!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். அத்தனையும் தப்பு, போகவேண்டியது வலது. பக்கத்தில் மாரியப்பன், "நல்லா கத்துடா பச்சி" என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். தலை ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

ஆகவே வீட்டை எடுத்துக்கொண்டேன். கார் அனுப்ப வேண்டாம். நாற்காலி சாக்குக்கு அடியிலேயே இருக்கட்டும், சக்கரச் சீட்டு பிளசிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கோடவுனில் என் பழைய குத்தூசி இருக்கும், ஆடிக்கு மாரியம்மன் வருகிறாள், அதை மூங்கில் முனையில் கட்ட வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், தாங்களே நேரில் எடுத்துக்கொண்டு வாருங்கள். தாங்களும் பென்ஷன் வாங்கி வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள். நல்ல ஊர் சம்பந்தி. ஆற்றோரம். பூராவும் வயசானவர்கள். ஒரு சத்தம் இருக்காது. பக்கத்து வீடு காலியாக இருக்கிறது, நானே பேசிவிட்டேன். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் மிக்கேலம்மாள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். தாங்கள் வந்து அடுப்பை மட்டும் பற்றவைத்தால் போதும்.

பிள்ளைகள் கல்யாணத்தின்போது கோயில் ஆபீசில் நம் இரண்டு பேர் ஞானஸ்நானச் சான்றையும் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாங்கள் எனக்கு எட்டு மாதம் இளையவர்.

ஒன்றே ஒன்று கேட்க மறந்தேன். தங்களுக்கு நீச்சல் தெரியுமா?